வீட்டைக் கொடுத்தவர்
அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொடங்கப்பட்ட பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில், அதற்குப் பெயர் தந்த வணிகர் தாமஸ் பெர்கின்ஸ் ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு வருத்தமளிக்கிறது. 1832-இல் மருத்துவர் சாமுவேல் ஹோவ் தம் தந்தையின் வீட்டில் ஒரு சில குழந்தைகளுடன் தொடங்கிய வகுப்பு இடமின்றித் தவித்தபோது, பெர்கின்ஸ் தமது மாளிகையையே அதற்கு அளித்தார். அதுவும், நகர மக்கள் 50,000 டாலர் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. கொடையின் மதிப்பைவிட இந்த நிபந்தனையையே நான் பெரிதாகக் கருதுகிறேன். ஏனெனில் அது பள்ளியை ஊரார் அனைவரின் பொறுப்பாக்கியது. 1839-இல் அந்த மாளிகையும் போதாமற்போகவே, அதைக் கைமாற்றி தெற்கு பாஸ்டனில் ஒரு பெரிய விடுதிக் கட்டடத்தைப் பெற அவர் மனமுவந்து இசைந்தார். பார்வையும் செவிப்புலனும் இழந்த லாரா பிரிட்ஜ்மன் கல்வி பெற்றதும், பின்னாளில் ஹெலன் கெல்லரின் ஆசிரியையான ஆன் சல்லிவன் பயின்றதும் இப்பள்ளியில்தான். பெர்கின்ஸின் செல்வத்தில் அபினி வணிகத்துக்கும் அடிமை வணிகத்துக்கும் பங்குண்டு என்பதை மறைக்கலாகாது. எனினும் அக்குழந்தைகளுக்கு அவர் செய்ததையும் விரிவாக எழுதுவதே நேர்மையாகும். கட்டுரையாளர் அதற்கு இன்னும் ஒரு பத்தியேனும் ஒதுக்க வேண்டுகிறேன்.