தோற்கடித்தவளோடு பழகலாம்

'யாரோடும் உன்னை ஒப்பிடாதே, நேற்றைய உன்னோடு மட்டும் போட்டி போடு.' வாரம் ஒரு முறையாவது இந்த வரி என் கண்ணில் பட்டுவிடுகிறது. பகிர்கிறவர்கள் நல்ல மனதோடுதான் பகிர்கிறார்கள். ஆனால் எனக்கு இதில் உடன்பாடில்லை. என்னிடம் எது இல்லை என்பதை நேற்றைய நான் எனக்கு எப்படிச் சொல்ல முடியும்? நம்மைவிட நன்றாகச் செய்கிற ஒருவர் எதிரே வந்து நிற்கும்போதுதான் நம் குறை நமக்கே தெரிகிறது. அந்த ஆளை எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

டென்னிஸ் பார்க்கிற எனக்கு இதற்கு கிறிஸ் எவர்ட், மார்ட்டினா நவ்ரத்திலோவாவை விட்டால் வேறு உதாரணம் தோன்றுவதில்லை. 1973 முதல் 1988 வரை இருவரும் 80 முறை மோதினார்கள். அதில் 60 ஆட்டங்கள் இறுதிப் போட்டிகள். ஃபுளோரிடாவில் வளர்ந்த எவர்ட் ஆடுகளத்தின் பின்கோடான பேஸ்லைனில் நின்று, பிசகே இல்லாமல் பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பவர். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த மார்ட்டினா இடது கைக்காரர். சர்வீஸ் போட்டதும் நெட்டுக்கு ஓடுவார். ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் எவர்ட்தான் ஜெயித்தார்.

அப்போதே இருவரும் தோழிகள். 1975 பிரெஞ்சு ஓப்பன், 1976 விம்பிள்டன் இரட்டையர் பட்டங்களைச் சேர்ந்தே வென்றார்கள். அப்புறம் எவர்ட் அந்த ஜோடியை நிறுத்திக்கொண்டார். பக்கத்திலேயே நின்று ஆடுகிற மார்ட்டினாவுக்குத் தன் ஆட்டம் அத்துப்படியாகிறது என்பதுதான் காரணம். பிற்பாடு எவர்ட்டே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதில் எனக்கு எவர்ட் மேல் வருத்தமே இல்லை. மரியாதையான போட்டி என்றால் எல்லாவற்றையும் திறந்து காட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை.

1981-இல் அமீலியா தீவில் நடந்த இறுதிப் போட்டியில் எவர்ட் 6-0, 6-0 என்று மார்ட்டினாவை வீழ்த்தினார். ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை! மார்ட்டினாவின் திறமை குறித்து யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. குறை உடற்பயிற்சியில்தான் இருந்தது. நான்சி லீபர்மன் என்ற கூடைப்பந்து வீராங்கனை அதை முகத்துக்கு நேரே சொன்னார். எடை தூக்குவது, ஓடுவது, சாப்பாட்டை மாற்றுவது என்று மார்ட்டினா முழுமூச்சாக இறங்கினார். 1983-ஆம் வருடம் முழுக்க 86 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. அந்தக் காலகட்டத்தில் எவர்ட்டை மட்டும் தொடர்ந்து 13 முறை தோற்கடித்தார்.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எவர்ட்டை வெறுக்கச் சொல்லித்தான் லீபர்மன் மார்ட்டினாவைத் தயார்செய்தார். கொஞ்ச காலம் இருவரின் நட்பும் விட்டுப்போனது. 'பார்த்தீர்களா, வெறுப்புதான் வேலை செய்திருக்கிறது' என்று யாராவது கேட்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லீபர்மன் விலகி, பழைய நட்பு திரும்பிய பிறகும் மார்ட்டினா ஜெயித்துக்கொண்டேதான் இருந்தார். 1985 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் அதே எவர்ட்டைத்தான் வென்றார். மார்ட்டினாவிடம் தங்கியது உடற்பயிற்சி. வெறுப்பு போன பிறகும் ஆட்டத்தில் எதுவும் குறையவில்லை.

எனக்கு இன்னும் பிடித்தது எவர்ட்டின் பதில். ஒரே ஆளிடம் 13 முறை தொடர்ந்து தோற்றவர், வயது முப்பதை நெருங்குகிறது, பணமும் புகழும் ஏற்கெனவே ஏராளம். பேசாமல் ஓய்வுபெற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மார்ட்டினா செய்ததையே தானும் செய்தார். தானும் எடைப் பயிற்சிக்குப் போனார். மர ராக்கெட்டை விட்டு கிராஃபைட்டுக்கு மாறினார். அதுவரை தவிர்த்துவந்த நெட்டுக்கும் அடிக்கடி வரத் தொடங்கினார். எதிராளியின் வழியை எடுத்துக்கொள்வதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இருந்ததாகத் தெரியவில்லை. 1985 பிரெஞ்சு ஓப்பன் இறுதிப் போட்டியில் 6-3, 6-7, 7-5 என்று மார்ட்டினாவை வென்றபோது அவருக்கு வயது 30. அடுத்த வருடமும் அதே பாரிஸில், அதே மார்ட்டினாவை வென்றார். மார்ட்டினா என்ற ஒருவர் இல்லாமலிருந்தால் எவர்ட் இன்னும் நிறையப் பட்டங்கள் வாங்கியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் முப்பது வயதில் ஆடிய அந்த ஆட்டத்தை ஆடியிருக்கவே மாட்டார்.

நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே 'பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்' கதைக்குப் போய்விடுகிறார்கள். அது வேறு, இது வேறு. அங்கே யாரோடு போட்டி என்பதைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். எதைக் கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் சொல்வதில்லை, மதிப்பெண் மட்டும் காதில் விழுகிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கண்டாலே பிடிக்காமல் போகிறது. தானாக ஒருவரைப் பார்த்து வியந்து, 'இவள் இதை எப்படிச் செய்கிறாள்?' என்று கேட்கத் தோன்றுவதில்தான் வளர்ச்சி இருக்கிறது.

என் மகள் பேட்மிண்டன் பழகும் இடத்தில் காத்திருக்கும் பெற்றோர் பேசுவதைக் கேட்டால் மனசு கனத்துப்போகிறது. "அவகிட்ட ரொம்பப் பழகாதே, அவ உன்னை ஜெயிக்கப் பார்க்கிறா" என்று பத்து வயதுக் குழந்தையிடம் சொல்கிறார்கள். ஜெயிக்கப் பார்ப்பதற்குத்தானே அவளும் வந்திருக்கிறாள்? என் மகளை வழக்கமாகத் தோற்கடிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய கால் வேகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது என் மகள் யாரும் சொல்லாமலே ஸ்கிப்பிங் கயிறு எடுக்கிறாள். இதை எந்தத் தன்னம்பிக்கை வாசகமும் செய்திருக்காது.

1975-இல் நாட்டை விட்டு வெளியேறிய மார்ட்டினா, 1986-இல்தான் முதன்முறையாகத் தாய்நாட்டுத் தலைநகரான பிராகுக்குத் திரும்பினார், அமெரிக்க அணிக்காக ஃபெடரேஷன் கோப்பை என்ற நாடுகளுக்கிடையிலான பெண்கள் டென்னிஸ் போட்டியில் ஆட. அந்த அணியில் எவர்ட்டும் இருந்தார். இருவரும் ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்து, இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவையே வென்றார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பாரிஸ் இறுதிப் போட்டியில் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடியிருந்தார்கள். மொத்தக் கணக்கில் மார்ட்டினா 43, எவர்ட் 37. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் ஒற்றையர் பட்டங்கள் இருவருக்கும் சரியாக 18.

பெற்றோர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையைத் தோற்கடிக்கும் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். சேர்ந்து ஆடட்டும், சேர்ந்து சாப்பிடட்டும். அடுத்த போட்டியில் மறுபடி மோதிக்கொள்ளட்டும்.