கம்பம்மெட்டு வீடியோவைப் பகிர்ந்தவர்களுக்கு

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டில், மலைத் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போட்ட சிறுநீர்ப் பரிசோதனை முகாமில் நடந்ததை மறுபடி விளக்கப் போவதில்லை. வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "பத்து ரூபாய்ப் பட்டையை மூத்திரத்தில் முக்கி நோய் கண்டுபிடிக்கிறார்களாம், சனங்களை ஏமாற்றுகிற வேலை" என்று நம் ஊர்க்காரர் ஒருவர் கத்த, வரிசை கலைந்து, முகாமைப் பாதியில் மூட வேண்டியதாயிற்று. இரண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். நேற்று என் சித்தப்பா மகனே அதைப் பகிர்ந்து சிரித்திருக்கிறான். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

விலை குறைவு என்பதால் ஒரு பரிசோதனை பொய்யாகிவிடாது. தேனி மாவட்டம் கம்பத்தில் பதினோரு வருடமாக லேபில் வேலை பார்க்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். அந்தப் பட்டையின் மஞ்சள் கட்டத்தில் ஒரு சாயம் காய்ந்து கிடக்கிறது. அல்புமின் என்பது இரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம், சிறுநீரகம் பழுதானால் சிறுநீரில் கசியும். சிறுநீரில் அது இருந்தால் கட்டம் பச்சையாகும். நிறைய இருந்தால் நீலப்பச்சை. ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். சர்க்கரை பார்க்கும் பட்டையை அமெரிக்காவில் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ தம்பதி 1956-லேயே கொண்டுவந்துவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இதே மாதிரிப் பட்டையைத்தான் முக்குகிறார்கள். ஏ.சி. அறையில் முக்கினால் விஞ்ஞானம், ரோட்டோரம் மேசை போட்டு முக்கினால் ஏமாற்றா?

என் அக்கா கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதம். கால் வீங்கியது. "பிள்ளைத்தாச்சிக்கு நீர் கோர்க்கத்தான் செய்யும்" என்று அம்மா சொன்னார், நாங்களும் தலையாட்டினோம். ஊருக்கு வந்த நர்சம்மா மட்டும் விடவில்லை. அன்று அவரிடம் பட்டைகூட இல்லை. டெஸ்ட் ட்யூபில் சிறுநீரை ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அடியில் தெளிவாகவே இருந்தது. மேலே மட்டும் முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி வெளுத்துத் திரண்டது. அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டார். உப்பாக இருந்தால் அதில் கரைந்துவிடும். கரையவில்லை, அப்படியென்றால் அது அல்புமின். பிரஷர் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கர்ப்பத்தில் அல்புமினோடு பிரஷரும் ஏறினால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிருக்கே ஆபத்து. "இப்பவே கிளம்புங்க, விடியட்டும்னு இருக்காதீங்க" என்றார். அக்கா பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளை இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் இந்த வேலைக்கு வந்ததே அந்த ட்யூபைப் பார்த்துத்தான்.

"தப்பாகக் காட்டினால்?" என்று கேட்கிறார்கள். காட்டும், ஒத்துக்கொள்கிறேன். காய்ச்சலிலும், மூட்டை சுமந்த கையோடு வந்தாலும் கொஞ்சம் அல்புமின் தெரியும். டப்பா திறந்து கிடந்தால் மலை ஈரத்தில் பட்டையே கெட்டுப்போகும். அதனால்தான் ஒவ்வொன்றாக எடுத்து உடனே மூடுகிறோம். பச்சை வந்தால் இன்னொரு நாள் திரும்பப் பார்த்து, அப்புறம் டாக்டரிடம் அனுப்புகிறோம். யாருக்கும் அங்கேயே மருந்து கொடுக்கவில்லையே.

"டாக்டர் இல்லாமல் நர்ஸ் பார்ப்பதா?" பக்கத்து திண்டுக்கல் மாவட்டத்துக் கதை தெரியுமா? அங்கே 2000-இல் தொடங்கி, பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். வெளுத்தால் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கலாம் என்று அர்த்தம். வினிகரில் இருப்பது அதே அமிலம்தான், நர்சம்மா சொட்டு விட்டதும் அதேதான். 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது: சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு. உலகம் ஒத்துக்கொண்டது. நம் ஊர்க்காரர்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

கமிஷன் வாங்குகிறேன் என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல மனசு கூசுகிறது. அந்த டப்பா என் சம்பளத்தில் வாங்கியது.

"பெரிய லேபுக்கே போகச் சொல்லலாமே" என்பவர்கள் ஒருநாள் காலை இருட்டோடு வந்து ஜீப்பில் ஏறிப் பாருங்கள். நெருக்கி உட்கார்ந்து மலை ஏறி, பொழுது சாயும்போது இறங்குகிறவர்கள் எந்த நேரத்தில் லேபுக்குப் போவார்கள்? போனால் ஒருநாள் கூலி போச்சு. தோட்டத்தில் பல இடங்களில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை, நாள் முழுக்க அடக்கிக்கொள்கிறார்கள். மேலே கேரளத்தில் கேட்டால் "நீங்கள் தமிழ்நாடு" என்கிறார்கள், கீழே வந்தால் லேப் நேரம் முடிந்தது. இவர்கள் சிறுநீரகத்தைப் பற்றி இத்தனை வருடம் யார் கவலைப்பட்டீர்கள்? நாங்கள் ஒரு மேசை போட்டதும் மட்டும் எல்லோருக்கும் தரம் ஞாபகம் வந்துவிட்டது.

வீடியோவில் பச்சைச் சேலை, தலையில் மஞ்சள் துண்டு கட்டிய அம்மா ஒருவர் வரிசையிலிருந்து விலகிப் போவது தெரியும். அவர் பட்டை அப்போது என் கையில்தான் இருந்தது. நிறம் மாறி நன்றாகவே நீலப்பச்சை. சத்தத்தில் பயந்து ஜீப்பில் ஏறிவிட்டார். பெயரோ நம்பரோ நான் வாங்கவில்லை. வீடியோவைப் பகிர்ந்தவர்களில் யாருக்காவது அவரைத் தெரிந்தால், தயவுசெய்து என்னிடம் வரச் சொல்லுங்கள். இல்லை, எந்த ஊர் என்று மட்டும் சொல்லுங்கள், நானே போகிறேன்.