வைஃபை டாங்கிள் பெட்டியில் சிப் பெயரைப் போட என்ன கேடு?

கம்ப்யூட்டரில் செருகி வைஃபை பிடிக்கும் அந்த டாங்கிளின் பெட்டியில் வேகம் போட்டிருக்கிறான், ஆன்டெனா படம் போட்டிருக்கிறான், "லினக்ஸிலும் இயங்கும்" என்றுகூடப் போட்டிருக்கிறான். உள்ளே என்ன சிப் என்பதை மட்டும் எங்கேயும் காணோம்! விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில், சாதனத்தை இயக்கும் நிரலான டிரைவர் பார்ப்பது சிப்பைத்தான். மாடல் எண்ணை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

அந்த எண்ணையாவது நம்பலாமா? அதே எண், அதே அட்டை, முதல் பதிப்பான வி1-இல் ஒரு சிப், வி2-இல் வேறொன்று. அந்த "வி2"வும் ஸ்டிக்கர் மூலையில் எறும்பு சைஸில். தெரிந்தவரிடம் ஓடுகிறதே என்று விசாரித்து வாங்கினவரும் ஏமாந்து நிற்கிறார்.

"லினக்ஸ் ஆதரவு" என்பதன் லட்சணம் தெரியுமா? பொடி எழுத்தில் "கர்னல் 2.6 முதல் 4.4 வரை" என்றிருக்கும்; கர்னல் என்றால் லினக்ஸின் மையப் பகுதி. 4.4 வந்தது 2016 ஜனவரியில்!

ரியல்டெக் 8811சியூ சிப் உள்ள பல டாங்கிள்களில் ஒன்றைச் செருகிப் பாருங்கள். வைஃபை வராது, ஒரு சிடி டிரைவ் வரும். விண்டோஸ் டிரைவரை உள்ளேயே வைத்து, தன்னை சிடி என்று காட்டிக்கொள்கிறது. செருகிய சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைக் கொடுத்தால் அதன் அடையாள எண்ணான ஐடி 1ஏ2பி என முடியும். சாதனத்தின் நிலையை மாற்றும் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிரலைப் போட்டு வைஃபைக்குத் திருப்பினால்தான் அது சி811 ஆகும். அப்புறமும் விடிவில்லை. இதற்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கர்னல் 6.2-இல்தான் சேர்ந்தது, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12-இல் இருப்பது 6.1. அதே டெபியனுக்குத் தனியாகத் தரும் புதிய கர்னலை, அதாவது பேக்போர்ட்ஸ் கர்னலைப் போட வேண்டும், அதை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்காகத்தானே டாங்கிளே வாங்கியது! போனை கேபிளில் மாட்டி, அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், வேறு வழியில்லை.

கம்பெனி தரும் டிரைவர் ஜிப் கோப்பைத் தொடவே தொடாதீர்கள். கர்னலின் உள் ஃபங்ஷன்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பழைய கோட் கம்பைலே ஆகாது, அதாவது ஓடும் நிரலாக மாறாது. தன்னார்வலர்கள் ராப்பகலாகத் திருத்தி வைத்த பிரதியை, கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை மறுபடி கட்டித்தரும் டிகேஎம்எஸ்ஸில் ஏற்றினாலும், கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இருந்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று துரத்தும். மோக்யூடில் என்ற கட்டளை மூலம் டிரைவரில் கையொப்பமிட்ட சாவியைப் பதிந்து, ரீபூட்டில் வரும் நீலத் திரையில் "என்ரோல் மோக்" கொடுக்க வேண்டும். பத்து நொடிக்குள் ஒரு கீயைத் தட்டாவிட்டால் திரை போய்விடும், மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்கும் மீடியாடெக் 7612யூ சிப்புக்குக் கர்னல் 4.19-இலிருந்தே டிரைவர் உள்ளேயே இருக்கிறது. 7921ஏயூ-வுக்கு 5.18-இலிருந்து. செருகினால் ஓடும். அந்தச் சிப் இருக்கிற பெட்டியிலும் அதன் பெயரைப் போடமாட்டேன் என்கிறார்களே!