விலை சொன்னவர் மீது மட்டும் ஏன் இந்தக் கோபம்?

ஒரு ஹொக்கி வீரர் தன் சம்பளம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு, அது கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாமல் வீட்டில் இருந்தால், ரசிகர்களின் வசவு முழுவதும் அவர் தலையில்தான் விழுகிறது. அந்தத் தொகையைக் கொடுக்க மறுத்து அதே நாட்களை இழுத்தடித்த நிர்வாகத்தை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை. தோட்டச் சம்பளத்துக்காகப் போராடிய மலையகத்தில் பிறந்த எவருக்கும் பொறுக்கக்கூடாது என்றே நினைக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளே இன்று கனடாவில் இருந்துகொண்டு அந்த வசவில் சேர்ந்துகொள்வதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் மாத்தளைக்காரன். இலங்கையில் ஹொக்கி பேசுகிறவர்கள் மாத்தளையை விட்டுவிட்டுப் பேச மாட்டார்கள். நாங்கள் ஆடியது புல்லும் மண்ணும் கலந்த தரையில். பனித்தரை ஹொக்கியை எனக்குக் காட்டியவன் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகன். ரொறன்ரோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் போட்டி, அங்கே குளிர்காலமாக இருக்கும்போது, நமக்கு அதிகாலை 5.30. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நேரத்தில் விழித்திருப்பது பழகிய விடயம். மருமகன் அனுப்பிய காணொளித் துண்டுகளில்தான் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் வில்லியம் நிலாண்டரை முதலில் பார்த்தேன். இரண்டு தடுப்பாளர்கள் நெருங்கி வரும்போதும் வட்டு அவர் மட்டையை விட்டு விலகாது, அவசரப்படவே மாட்டார். தரை ஹொக்கி ஆடிய எவரும் அந்த மணிக்கட்டைப் பார்த்தால் மயங்கிவிடுவார்கள்.

2018 கோடையில் அவருடைய முதல் ஒப்பந்தம் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 22. அதற்கு முந்தைய இரண்டு பருவங்களிலும் தலா 61 புள்ளிகள் எடுத்திருந்தார். கோலும், கோலுக்கு வழிசெய்த கடத்தலும் சேர்ந்ததுதான் அங்கே புள்ளி. அவர் ஆடும் வட அமெரிக்க என்.எச்.எல். லீக்கில் இளம் வீரரின் முதல் ஒப்பந்தத்துக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்கு மேல் கேட்க முடியாது. அது முடிந்த பிறகும் அவர் முழுமையாக விடுபடுவதில்லை. வேறொரு அணி அவருக்கு விலை வைத்தால், பழைய அணி அதே தொகையைக் கொடுத்து அவரைப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஆக, அவர் கையில் மிஞ்சும் ஆயுதம் ஒன்றுதான்: கையெழுத்துப் போடாமல் இருப்பது. அதற்கும் எல்லை போட்டிருக்கிறார்கள். டிசம்பர் 1, மாலை 5 மணிக்குள் கையெழுத்து விழாவிட்டால் அந்தப் பருவம் முழுவதும் அவர் அந்த லீக்கில் ஆட முடியாது.

நிலாண்டர் அந்தக் கடைசி நிமிடங்கள்வரை காத்திருந்தார். நமக்கு அது டிசம்பர் 2 அதிகாலை 3.30. நேரம் முடிய மிகச் சில நிமிடங்கள் இருக்கும்போதுதான் ஆறு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் 28 போட்டிகள் போய்விட்டன. ஆடாத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இங்கேதான் நான் ரசிகர்களோடு சண்டை போடுகிறேன். அதே 2018 ஜூலை 1ஆம் திகதி, இதே மேப்பிள் லீஃப்ஸ் அணி ஜோன் டவாரெஸை ஏழு வருடத்துக்கு 77 மில்லியன் டொலர் கொடுத்து அழைத்துவந்தது. வருடத்துக்கு 11 மில்லியன். அன்று அந்த நகரமே கொண்டாடியது. சிறுவயதில் லீஃப்ஸ் படுக்கை விரிப்பில் படுத்திருந்த தன் படத்தை அவர் போட்டார், ரசிகர்கள் உருகிப்போனார்கள். யாரும் பேராசை என்று சொல்லவில்லை. நிலாண்டருக்கு முடிவில் கிடைத்தது, இரண்டாம் வருடத்திலிருந்து அணியின் சம்பளக் கணக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ 7 மில்லியன். எந்த அணியோடும் பேசும் உரிமை இருந்தவர் பெரிய தொகையை வாங்கிக்கொண்டு மாலையும் வாங்கினார். அந்த உரிமை இல்லாதவர் அதைவிடக் குறைந்த தொகைக்காக இரண்டு மாதம் ஏச்சு வாங்கினார். இதில் பேராசை எங்கே இருக்கிறது? உரிமை இல்லாதவர் வாய் திறந்ததுதான் குற்றமாகப் பார்க்கப்பட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இரண்டு மாதமும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மருமகன் கொதித்துக்கொண்டே இருந்தான். "இவனைக் கொடுத்துவிட்டு நல்ல தடுப்பாளர் ஒருவரை வாங்க வேண்டும், மாமா. அணியைவிடப் பணம் பெரிதா?" என்று எழுதினான். திரும்பி வந்த நிலாண்டர் அந்தப் பருவத்தில் 54 போட்டிகளில் 7 கோல்தான் அடித்தார். பயிற்சி முகாமும் இல்லாமல், தொடக்க ஆட்டங்களும் இல்லாமல், எல்லோரும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் டிசம்பரில் உள்ளே இறங்கியவர் தடுமாறத்தான் செய்வார். ஆனால் ரசிகர்களுக்கு அது தண்டனை கிடைத்ததுபோல் ஒரு திருப்தியைக் கொடுத்தது. அந்தத் திருப்திதான் எனக்கு மிகவும் வலித்தது.

ரசிகர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. அந்த லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் சம்பள உச்சவரம்பு உண்டு. 2018-19 பருவத்தில் அது 79.5 மில்லியன் டொலர். ஒருவர் கூடுதலாக எடுத்தால் இன்னொருவருக்குக் கொடுக்க அவ்வளவு குறையும். 1967க்குப் பிறகு அந்த லீக்கின் ஸ்டான்லி கிண்ணத்தையே பார்க்காத ஊரில், நல்ல தடுப்பாளருக்குப் பணம் போதாமல் போய்விடுமோ என்று ஒரு ரசிகர் பதறினால் அந்தப் பதற்றம் உண்மையானது. ஆனால் அந்த உச்சவரம்பு எங்கிருந்து வந்தது? அதைக் கொண்டுவருவதற்காகவே உரிமையாளர்கள் கதவடைப்புச் செய்தார்கள்; 2004-05 பருவம் முழுவதும் ஒரு போட்டிகூட நடக்கவில்லை; அந்த வருடம் கிண்ணம் யாருக்கும் வழங்கப்படவில்லை. சுவரை எழுப்பியவர்கள் உரிமையாளர்கள். அந்தச் சுவருக்குள் நின்று தன் பங்கைக் கேட்கும் வீரரைப் பார்த்து, ஏன் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறாய் என்று கேட்பது எந்த நியாயம்?

இனி, இதே மாதங்களில் நம் ஊரில் என்ன நடந்தது என்பதற்கு வருகிறேன். ரொறன்ரோவில் நிலாண்டரை ஏசிக்கொண்டிருந்த அதே 2018 ஒக்டோபரில்தான் தோட்டத் தொழிலாளர்களின் கூட்டு ஒப்பந்தம் காலாவதியானது. நாளுக்கு அடிப்படைச் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். நிலாண்டர் கையெழுத்துப் போட்ட அதே வாரத்தில், டிசம்பர் 4ஆம் திகதி, தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்போது மாத்தளை பஸ்ஸில் என் காதில் விழுந்த பேச்சு இன்னும் எரிகிறது. "730 ரூபாய் வாங்குகிறார்கள், இன்னும் என்ன வேண்டுமாம்?" நல்ல சட்டை போட்ட மனிதர், நல்ல தமிழில் சொன்னார்.

அந்த 730 என்ற எண்ணைப் பிரித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2016 ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். வரவுக்கு 60, தேயிலை விலைப் பங்கு 30, கொழுந்து அளவுக்கு 140. மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் முக்கால்வாசிக்கு வராவிட்டால் வரவுக் கொடுப்பனவு இல்லை. குறித்த அளவு கொழுந்து நிறுக்காவிட்டால் 140 இல்லை. மழையில் மலை வழுக்கினாலும், செடியில் கொழுந்தே இல்லாவிட்டாலும் நிறுவைத் தராசு ஒன்றையும் கேட்காது. சேமலாப நிதியும் அந்தக் கொடுப்பனவுகளுக்குக் கிடையாது. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுவிட்டார்கள் என்று அம்மா பேசாமல் வந்து உட்கார்ந்த மாலைகளை அறிந்த எனக்கு, பத்திரிகைத் தலைப்பில் வந்த அந்த மொத்தத் தொகை அவமானமாக இருந்தது. 2019 ஜனவரி 28ஆம் திகதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். கேட்ட ஆயிரம் 2021இல்தான், அதுவும் அரசின் சம்பளச் சபை வழியாகத்தான் வந்தது. கம்பனிகள் அதற்கு எதிராகவும் நீதிமன்றம் போயின.

"கோடிக்கணக்கில் வாங்குபவரையும் கொழுந்து பறிக்கும் அம்மாயியையும் ஒன்றாக வைக்கிறீர்களா, மாமா?" என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒன்றாக வைக்கவில்லை. நிலாண்டர் வீட்டில் அடுப்பு அணையாது. அவரால் இரண்டு மாதம் காத்திருக்க முடிந்தது. வேலைக்குப் போகாத நான்காம் நாளே கடைக் கடன் கழுத்தைப் பிடிக்கும் வீட்டால் காத்திருக்க முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு, அதுதான் பெரியது. 2015 மார்ச் 31ஆம் திகதி முடிந்த ஒப்பந்தத்துக்குப் பதிலான புது ஒப்பந்தம் 2016 ஒக்டோபரில்தான் கையெழுத்தானது. பதினெட்டு மாதம் தாமதம். அந்தப் பதினெட்டு மாதமும் தொழிலாளர்கள் மலைக்குப் போனார்கள், கொழுந்து பறித்தார்கள், தேயிலை ஏற்றுமதியானது. ஆனால் அந்த மாதங்களுக்கான நிலுவைச் சம்பளம் கொடுக்கப்படவில்லை. ஹொக்கி வீரருக்குக் காலக்கெடு இருந்தது; அது அவரை மட்டுமல்ல, அணியையும் நெருக்கியது. நம் தாய்மாருக்குக் கெடுவே இல்லை. தாமதமாகும் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கத்துக்கு மட்டும் இலாபம்.

ஆனால், பார்த்துக்கொண்டிருப்பவர்களின் கோபம் இரண்டு இடத்திலும் ஒரே திசையில்தான் போகிறது. கேட்டவரை நோக்கி. அந்தக் கோபம் நிர்வாகத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்பதை 2024இல் பொஸ்டனில் வெளிப்படையாகப் பார்த்தோம். கோல்காப்பாளர் ஜெரமி ஸ்வேமன் கையெழுத்திடாமல் இருந்தபோது, அணி நிர்வாகத்தின் தலைவர் கேம் நீலி செய்தியாளர் முன்னிலையில் 64 மில்லியன் என்ற எண்ணைப் போட்டு உடைத்தார். அத்தனை மில்லியன் காரணங்கள் இருக்கும்போது தானென்றால் ஆடிக்கொண்டிருப்பேன் என்ற பொருள்பட்ட பேச்சு. அப்படியொரு தொகை அதற்கு முன் தங்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்று வீரரின் முகவர் மறுத்தார். மறுப்பை யார் படித்தார்கள்? எண் மட்டும் ஊர் முழுவதும் சுற்றியது. ஸ்வேமன் எட்டு வருடத்துக்கு 66 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். அந்தப் பருவம் அவருக்கும் அணிக்கும் மோசமாகப் போனது. ஒவ்வொரு கோல் விழும்போதும் அந்த மில்லியன்களைச் சொல்லிக்காட்டினார்கள்.

நிலாண்டரின் கதை எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். 2022-23இல் 40 கோல், 2023-24இல் மீண்டும் 40 கோல், 98 புள்ளிகள். அணியைக் கெடுக்கும் என்று ஏசப்பட்ட அந்த 7 மில்லியன் ஒப்பந்தத்தை, அணிக்குக் கிடைத்த மலிவான ஒப்பந்தம் என்று அதே ரசிகர்கள் பேசினார்கள். 2024 ஜனவரியில் எட்டு வருடத்துக்கு 92 மில்லியன் டொலருக்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். மருமகன் இப்போது அவர் பெயர் பொறித்த சட்டையோடுதான் திரிகிறான். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நாற்பது கோல் அடித்ததால்தான் அவர் கேட்டது நியாயமாயிற்று என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏழு கோல் அடித்த வருடத்திலும் தன் உழைப்புக்கு விலை கேட்கும் உரிமை அவருக்கு இருந்தது.

2025 ஒக்டோபரில் கொனர் மெக்டேவிட் கையெழுத்திட்டார். இன்றைய ஹொக்கியில் அவரை மிஞ்ச ஆளில்லை. மாதக்கணக்கில் தன் எட்மன்டன் அணியின் ரசிகர்களைக் காக்கவைத்துவிட்டு, பருவம் தொடங்கும் வேளையில், இரண்டு வருடத்துக்கு 25 மில்லியன் என்று ஒத்துக்கொண்டார். 2017இல் போட்ட ஒப்பந்தத்தில் இருந்த அதே வருடச் சம்பளம். உடனே புகழ்மாலை: தியாகி, உண்மையான தலைவர், பணத்தைப் பார்க்காதவர். அவர் விருப்பம், அவர் உழைப்பு. சகவீரர்களுக்கு இடம்விட நினைத்தால் அதில் மேன்மை உண்டு. என் எதிர்ப்பு அந்தப் புகழ்மாலையை அடுத்தவர் மீது சாட்டையாகச் சுழற்றுவதற்கு. அவரே குறைத்தார், உனக்கென்ன என்று இனி ஒவ்வோர் இளம் வீரரிடமும் கேட்பார்கள். எங்கள் தோட்டத்திலும் ஒரு பெண் குறித்த அளவுக்கு மேல் கொழுந்து நிறுத்துவிட்டால், அவளைக் காட்டித்தான் மற்றவர்களை ஏசுவார்கள்.

மெக்டேவிட்டின் அந்த இரண்டு வருடமும் 2028 கோடையில் முடியும். அப்போது அவர் முழு விலையைக் கேட்டு மீண்டும் காத்திருந்தால், இன்று தியாகி என்றவர்களில் பாதிப் பேர் ஏசத் தொடங்குவார்கள் என்றே எண்ணுகிறேன். நான் அவர் பக்கம்தான் நிற்பேன். இதை மருமகனிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். அவன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, வாதம் தொடர்கிறது.