ட்ரம்ப் தொடக்கின சண்டை இல்லை இது

போன சனிக்கிழமை பேஸ்மென்ட் சுவர் அடிக்க டூ-பை-ஃபோர் மரச்சட்டம் வாங்கப் போயிருந்தேன். தடி ஒவ்வொன்றிலும் எஸ்-பி-எஃப் என்று முத்திரை. ஸ்ப்ரூஸ், பைன், ஃபர்: இந்த மூன்று மரங்களில் எதுவாகவும் இருக்கலாம். (பெயர்தான் இரண்டுக்கு நாலு. அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். முதல் தரம் அளந்தபோது கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே நினைத்தேன்.) வான் வண்டியில் ஏற்ற உதவிக்கு வந்த தம்பி சொன்னான்: "அண்ணை, ட்ரம்ப் வந்துதானே எங்கட கனடா மரத்துக்கு வரி போட்டவர்."

இல்லை தம்பி. 1982இலேயே அமெரிக்க மர ஆலைக்காரர் முறைப்பாட்டோடு போய்விட்டார்கள். கனடாவில் காடு பெரும்பாலும் அரசின் சொத்து. வெட்டுகிற மரத்துக்கு மாகாணம் வைப்பதுதான் விலை. அமெரிக்காவில் பெரும்பாலும் தனியார் காடு, சந்தை விலை. உங்கள் கட்டணம் மலிவு, அது மறைமுக மானியம் என்பது அவர்கள் வாதம். 1986இல் 15 சதவீத ஏற்றுமதி வரிக்குக் கனடாவே தலையாட்டியது. 2002இல் அமெரிக்கா போட்ட வரி 27 சதவீதம். 2006இல் சமாதான ஒப்பந்தம், அமெரிக்கா பிடித்து வைத்த 500 கோடி டொலருக்கு மேற்பட்ட பணத்தில் ஏறத்தாழ 400 கோடி திரும்பி வந்தது. வராத 100 கோடியில் பாதி, வழக்குப் போட்ட அந்த ஆலைக்காரர் கைக்கே போனது. இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அந்த ஒப்பந்தம் 2015இல் முடிந்தது. வரி திரும்பவும் வந்து, பைடன் காலத்தில் 2024இல் 14.54 சதவீதம் ஆனது. 2025இல் 35 சதவீதம், அதற்குமேல் ட்ரம்பின் 10. ஆக 45. கடைசிப் பத்துக்குத்தான் அவர் நேரடிப் பொறுப்பு.

இறக்குமதிக் கணக்கைக் காட்டி "வரிதான் எங்களை விழுத்தியது" என்பவர்களோடும் எனக்கு ஒத்துவராது. 2005இல் அமெரிக்கா எங்களிடம் வாங்கியது ஏறத்தாழ 2,100 கோடி போர்ட் அடி (ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலத் தடிப்புப் பலகை ஒரு போர்ட் அடி). 2009இல் அதில் பாதிகூட இல்லை. அப்போது ஒப்பந்தம் நடப்பில் இருந்தது! விழுந்தது அவர்களுடைய வீடு கட்டுகிற தொழில்: வருடம் 20 லட்சம் வீடு தொடங்கிய நாடு ஐந்தரை லட்சத்துக்கு இறங்கியது. பிறகு வீடுகள் எழும்பியும் எங்கள் மரம் பழைய அளவுக்கு ஏறவில்லை. வரி ஒரு காரணம், சரி. ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பைன் வண்டு தின்று முடித்த காட்டை யார் கணக்கில் எழுதுவது? குளிர்காலம் வண்டைக் கொல்லுமளவுக்குக் குளிரவில்லை. வெட்டக்கூடிய பைனில் பாதிக்கு மேல் செத்துப்போனது.

அமெரிக்கச் சந்தையில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருந்த நாங்கள் இப்போது நாலில் ஒன்றுக்கு வந்திருக்கிறோம். விட்ட இடத்தில் ஜெர்மனி, சுவீடன் மரமும் போய் இறங்குகிறது. கான்ஃபர், வெஸ்ட் ஃப்ரேசர் போன்ற எங்கள் பெரிய கம்பனிகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஆலைகளை வாங்கி எப்போதோ எல்லை தாண்டிவிட்டன. அந்த ஆலை மரத்துக்கு வரியே இல்லை. எல்லை தாண்ட முடியாதது ஆலையை நம்பி இருக்கிற சின்ன ஊர்தான்.

2025 நவம்பரில் வெஸ்ட் ஃப்ரேசர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் 100 மைல் ஹவுஸ் என்கிற ஊரில் தன் ஆலையை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. அதே அறிவிப்பில் மூடப்பட்ட இன்னொரு ஆலை, ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டாவில், வரிவேலிக்கு அந்தப் பக்கம்.