கரும்பு வெட்டப் போனவருக்கு வரலாறு கிடையாதாம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தன் ராஜா பெருமை பேசிய மேடைப் பேச்சாளர் உதிர்த்த முத்தை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ‘கூலிக்குக் கப்பலேறினவனுக்கு என்னய்யா வரலாறு?’ கைதட்டல் வேறு.

இருக்கிறது ஐயா, எண் போட்டே இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து ‘துரூரோ’ கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் போனது. அன்று தொடங்கி 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். கப்பல் பதிவேட்டில் ஆளுக்கொரு எண், எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் சரகம்), ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரைக்கும்.

அதில் முன்னோரைத் தேடப் போகிறவர்கள் பெயரைப் பிடித்துத் தொங்காதீர்கள், எண்ணைப் பிடியுங்கள். முனுசாமி அங்கே ‘மூன்சாமி’. அதே பெயரில் நூற்றுக்கணக்கான பேர். போதாததற்கு நம் வழக்கப்படி பேரனுக்கும் தாத்தா பெயர்; அசந்தால் இரண்டு தலைமுறையை ஒரே ஆளாக்கிவிடுவீர்கள். ஜில்லா வட ஆற்காடு என்றிருந்தால் சித்தூர்ப் பக்கமும் பாருங்கள். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆனது, ஊர் இன்று ஆந்திராவில் இருக்கலாம். ‘1870இல் போனார்’ என்று வீட்டில் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். 1866இல் நின்ற ஆளெடுப்பு 1874இல்தான் மறுபடி தொடங்கியது. தாது வருசப் பஞ்சத்தில் போனார் என்றால், 1876-77, பொருந்தும்.

‘சாதியைக் கிளறுறீங்க’ என்பார்கள். நியாயம்தான். பதிவேட்டின் சாதிக் கட்டத்தை நானும் நம்புவதில்லை. ‘மலபார்’, ‘கிறிஸ்டியன்’ என்றெல்லாம் சாதி எழுதியிருக்கிறான் குமாஸ்தா. ‘பழைய பெருமை எதற்கு’ என்பவர்களுக்குப் பதில் கிடையாது. பெருமை பேசுவது யார்? மேடையில் நின்றவரா, நாங்களா?

அப்படிக் கப்பலேறிய கூலி ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தும் ஏன் மறுபடி கைநாட்டு வைத்தார்? ‘அடிமைப் புத்தி’ என்று அதே மேடையில் சொன்னார்களே, அதுதான் சுருக்கென்றது. கணக்குப் போடுங்கள். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். 1895 சட்டப்படி, அதற்குப் பின் வந்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தம் போடாமலும் இருந்தால் வருடம் 3 பவுண்டு தலைவரி. அதாவது 60 ஷில்லிங், முதல் வருடச் சம்பளத்தில் ஆறு மாதத்தது. பொண்டாட்டிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்திவிட்டு நின்றது இந்த ‘அடிமைப் புத்தி’க்காரர்கள்தான். அடுத்த வருடமே வரி போனது.

அந்தப் பேச்சாளருடைய ராஜாவுக்கு எந்த முழங்காலில் தழும்பு என்று கேட்டுச் சொல்லுங்கள். எங்கள் ஆளுக்கு எழுதி வைத்திருக்கிறது.