எலக்ட்ரிக் கிடாரின் குடம் எங்கே இருக்கிறது?

எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு எலக்ட்ரிக் கிடார் வாங்க 30,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. அந்தப் பணம் முழுவதையும் கிடாருக்கே கொடுத்துவிட்டு, வாங்கியதை வழக்கம்போல் மைக்செட் மிக்ஸரில் நேராகச் செருகிக்கொள்ளலாம் என்று சென்ற ஞாயிறு ஆராதனைக்குப் பின் நடந்த கூட்டத்தில் ஏறத்தாழ முடிவாகிவிட்டது. நான் மறுத்துப் பேசினேன். ஆனால் பேசவேண்டிய முறையில் பேசவில்லை என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நம் குமரி மாவட்டத்தில் கொடைவிழா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வில்லுப்பாட்டே போதும். வீசுகோல் பட்டதும் அதிர்வது வில்லின் நாண்தான் என்றாலும், வில் குடத்தின்மேல் அமர்ந்திருப்பதால்தான் அந்த ஒலிக்குக் கனம் கிடைக்கிறது. வீணையிலும் பலா மரத்தில் குடைந்த அந்தப் பெரிய பகுதிக்குப் பெயர் குடம்தான். சாதாரணக் கிடாரின் மரப்பெட்டியும் இதே வேலையைச் செய்கிறது. எலக்ட்ரிக் கிடாரைச் செய்தவர்களோ, குடத்தைக் கருவியின் உடலிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு வயரின் மறுமுனையில் கொண்டுபோய் வைத்தார்கள். ஒலியைப் பெருக்கித் தரும், ஆம்ப் என்று நாம் சொல்லும் அந்த ஸ்பீக்கர் பெட்டிதான் குடம். குடத்தை வாங்காமல் வில்லை மட்டும் வாங்கி வருவதற்குத்தான் நம் கூட்டம் தயாராக இருக்கிறது.

இதன் தொடக்கமே இந்தப் பிரிவினைதான். 1920-களின் அமெரிக்க நடனக் குழுக்களில் ஊதுகருவிகளுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே கிடார் வாசிப்பவர் கைவலிக்க மீட்டினாலும் கேட்பாரில்லை. லாஸ் ஏஞ்சலஸில் ஹவாய் கிடார் வாசித்துவந்த ஜார்ஜ் போஷாம், 1931-இல் அடால்ஃப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து அலுமினியத்தில் வார்த்த ஒரு கிடாரை உருவாக்கினார். வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வறுக்கும் சட்டி' என்றே பெயர் விழுந்தது. 1932-இல் விற்பனைக்கு வந்த அதற்குக் காப்புரிமை கிடைக்க 1937 ஆயிற்று. காந்தத்துக்கு அருகே அசைவு நிகழ்ந்தால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று ஃபாரடே காட்டியது 1831-இல். சரியாக நூறு ஆண்டு கழித்து அந்த விதி பாட்டுக்கு வந்து சேர்ந்தது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்பது அவ்வளவுதான்: ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று, மேலே அதிரும் எஃகுத் தந்தி. நைலான் தந்தி கட்டினால் அது ஊமை.

1936-இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த இஎஸ்-150 என்ற கிடாரின் பெயரிலுள்ள எண், ஏறத்தாழ அதன் டாலர் விலை. அந்த விலை கிடாருக்கு மட்டுமல்ல; ஆம்பும் வயரும் அதில் அடக்கம். நம் கூட்டத்தில் நான் சொல்ல மறந்தது இதைத்தான். அந்தக் கிடாரோடு 1939-இல் பென்னி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், பின்னணியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கருவியைத் தனி வாசிப்புக்கு முன்னால் கொண்டுவந்தார். 1942-இல் அவர் இறந்தபோது வயது 25.

உள்ளே வெறுமையான பெட்டிக் கிடாரின் ஒலியை ஆம்பில் கூட்டினால், ஸ்பீக்கர் ஒலியில் பெட்டி தானே அதிர்ந்து ஊளையிடத் தொடங்கும். இதற்கு மருந்து, உள்ளே குடையாத திண்மரம். கிடார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் ஒரு பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். வெறும் கட்டையாக இருந்தபோது யாரும் சட்டை செய்யவில்லை என்பதால், இருபுறமும் சாதாரணக் கிடாரின் பாதிகளை ஒட்டிவைத்தார். ஓசைக்குத் தேவைப்படாவிட்டாலும் கண்ணுக்குக் குடம் தேவைப்பட்டிருக்கிறது!

என் மனத்துக்கு நெருக்கமானவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. கழுத்தை உடலோடு பசைபோட்டு ஒட்டாமல் திருகாணியால் பொருத்தி, கெட்டுப்போனால் கழற்றி மாற்றலாம் என்று 1950-இல் அவர் செய்த திண்மரக் கிடாரும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிடாரும் பழுதுபார்ப்பவரின் மூளையில் உதித்தவை. சில ஆண்டுகளுக்கு முன் என் கிடாரின் பிக்கப் ஒன்று செத்துப்போனபோது, மார்த்தாண்டத்தில் பழைய டேப்ரெக்கார்டர் பழுதுபார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, லென்ஸைக் கண்ணில் இடுக்கி, வெளிச்சுற்றின் நுனியில் அறுந்திருந்த கம்பியை ஊசியால் மெல்லத் தூக்கி, ஒரு பொட்டு ஈயம் வைத்தார். "இதுக்குள்ள இம்புட்டுதானா மக்கா?" என்று கேட்டுச் சிரித்தார். அவரும் ஒருநாளும் கிடார் வாசித்தவர் அல்லர்.

மிக்ஸரில் நேராகச் செருகினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்கள். கிடார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கூர்மையைத் தானாகவே வடிகட்டிவிடும். மைக்செட் பெட்டியோ பேச்சு தெளிவாகக் கேட்பதற்காக அத்தனையையும் வெளியே விடும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலோடு செருகினால் தகரத்தைச் சுரண்டுவது போல ஒலிப்பது அதனால்தான். பெடல் இல்லாமல் செருகினாலோ, மிக்ஸரின் உள்வாய் பிக்கப்பின் மெல்லிய மின்சாரத்துக்குப் பெரும் சுமையாகி ஒலியை மங்கவைத்துவிடும். கரகரப்பையே அழகாக்கியது ஆம்ப்தான். லிங்க் ரே என்ற அமெரிக்கக் கிடார் கலைஞர் 1950-களின் பிற்பகுதியில் ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டு அந்தக் கரகரப்பை வரவழைத்தார். லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்ற டிரம்ஸ் கலைஞர் 1962-இல் ஆம்ப் செய்யத் தொடங்கிய பிறகு அது ராக் இசையின் குரலாகவே ஆனது.

இது மேற்கத்திய இரைச்சலுக்கு மட்டும் உரியது என்று நினைக்கும் பெரியவர்களிடம் மாண்டலின் ஸ்ரீனிவாஸைக் கேட்கச் சொல்வேன். சாதாரண மாண்டலினில் ஒலி பிறந்தவுடன் செத்துவிடும். கமகத்துக்கு நேரமே இருக்காது. அவர் இரட்டைத் தந்திகளை விட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்சார மாண்டலினைக் கையில் எடுத்ததால்தான் நீண்ட இழுப்பும் அசைவும் கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்றவாறு அமைந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்ற கிறிஸ்துமஸில் பீடத்தைச் சுற்றி சீரியல் லைட் போட்ட நிமிடத்திலிருந்து என் கிடார் 'உம்ம்' என்று இரைந்ததையும், நான் ஆராதனை முழுவதும் இடப்பக்கம் திரும்பி நின்றே வாசித்ததையும் பலர் கவனித்தீர்கள். பக்திக் குறைவு அன்று. ஒரே கம்பிச்சுருள் கொண்ட ஒற்றைக் காயில் பிக்கப், சுற்றியுள்ள மின்வயர்களின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்தே பிடிக்கும். குறிப்பிட்ட திசையில் திரும்பினால் குறையும். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1950-களின் நடுவில் இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து இதைத் தீர்த்துவிட்டார்; ஹம்பக்கர் என்று கேட்டால் கடையில் தருவார்கள்.

எனவே வரும் ஞாயிறு நான் கேட்கப்போவது இதுதான்: ஹம்பக்கர் உள்ள நடுத்தரக் கிடார் ஒன்றுக்கு 15,000, நல்ல ஆம்ப் ஒன்றுக்கு 15,000. ஆம்பின் முன்னால் ஒரு மைக் வைத்தால் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். அந்த மைக் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிரசங்க மேடைக்குக் கீழே, பழைய பாட்டுப்புத்தகப் பெட்டிக்குள்.